நானூற்றைம்பதுக்கு முடித்த பேரம்

தங்கை தன் அண்ணன்மேல் வைத்திருந்த நம்பிக்கையின் விலை நானூற்றைம்பது. முதலில் தொள்ளாயிரம்தான் கேட்டார்கள். பாதிக்கு இறக்கியது அண்ணனேதான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

குளியலறைச் சாமான் விற்கிற கடை அவனுடையது. உள்ளே குழாய், ஷவர், வாஷ்பேசின்; வாசலில் வரிசையாகப் பளபளக்கும் கழிப்பறைக் கோப்பைகள். போகிற வருகிறவர்கள் அவற்றுக்குள் பஸ் டிக்கெட்டையும் சிகரெட் துண்டையும் போட்டுவிட்டுப் போவார்கள். கடைத்தெருவில் அவனுக்குப் 'பாதிவிலை' என்று பேர். யார் எதற்கு என்ன விலை சொன்னாலும் அவன் அதில் பாதியிலிருந்துதான் வாயைத் திறப்பான். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் பேரம் பேசி, அரை மயக்க ஊசியோடு பிடுங்கிக்கொண்டு வந்தவன் என்று எதிர்க்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணன் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

கடையின் மூலையில் தங்கைக்கு ஒரு கண்ணாடி அலமாரி. பட்டன், ஜிப், லேஸ், நூல்கண்டு என்று தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். ஒரு டஜன் பட்டன் வாங்க வருகிற பெண்கள் அத்தனை கோப்பைகளையும் தாண்டி, எதையும் பார்க்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வரவேண்டும். பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தெருக்கோடியில் ஒரு சின்னக் கடை காலியாகிறது என்று தெரிந்ததும் தங்கை ஓடிப்போய்ப் பேசி வைத்துவிட்டாள். முன்பணம் மூன்று லட்சம். கையிருப்பில் மிச்சமாவதற்குச் சரக்கு வாங்கிக்கொள்ளலாம். பணம் அவளிடம் இருந்தது. சரியாகச் சொல்வதானால், அண்ணனிடம் இருந்தது.

"உனக்கெதுக்கு பாப்பா தனிக் கணக்கு? எல்லாம் ஒரே கணக்குல கிடந்தா பேங்க்காரன் எழுந்து நின்னு பேசுவான்" என்று எப்போதோ சொல்லியிருந்தான். பாப்பாவுக்கு நாற்பது வயது. பட்டன் பட்டனாகச் சேர்த்த ஐந்து லட்சத்து எண்பதாயிரம் கடைக் கணக்கில் கிடந்தது. அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு கார்டு. கல்லாப்பெட்டியில் ரப்பர் பேண்டுக்குள் இருக்கும். உறைமேல் ரகசிய எண்ணை அண்ணன் மார்க்கரால் எழுதி வைத்திருந்தான், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில். "நம்ம கடையில யாரு திருடன்?" என்று கேட்பான்.

முன்பணம் கொடுக்க வேண்டிய அன்று காலையில் அவனுக்கு ஒரு போன் வந்தது. அவன் வாசல் கோப்பை ஒன்றின் மூடியைத் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். முக்கியமான பேரத்துக்கெல்லாம் அவன் உட்காருகிற இடம் அதுதான். தங்கை ஜிப்பை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தொள்ளாயிரமா? என்ன தம்பி, பகல்லயே கொள்ளையா?" என்றான் அண்ணன். கொஞ்சம் கேட்டான். காதை விட்டுப் போனைத் தள்ளிப் பிடித்துச் சிரித்தான். "உங்க மேனேஜர்கிட்டயே கேளுங்க. நான் இருக்கேன். எனக்கென்ன அவசரம்?"

போனிலிருந்து காத்திருப்புப் பாட்டு வழிந்தது. அவன் காலாட்டிக்கொண்டிருந்தான்.

"அறுநூறா? சரி வராது. வச்சிடறேன்." வைக்கவில்லை. "நானூத்தம்பது. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. இஷ்டம்னா முடிங்க."

பேரம் படிந்துவிட்டது என்பது அவன் தொடையைத் தட்டியதில் தெரிந்தது. பிறகு ஏதோ எண்களை வாசித்தான். குழாய்க்கு மாடல் நம்பர் சொல்கிறான் என்று நினைத்தாள் தங்கை. போனில் புதிது புதிதாக வந்த மூன்று எண்களையும் நிறுத்தி நிதானமாக, எதிர்க்கடைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

அடுத்த சில நிமிடத்தில் அவன் போன் 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. இன்னொரு தடவை. அண்ணன் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய் நீண்ட நேரம் முகம் கழுவினான். பிறகு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். எலும்பை உறிஞ்சினான். விரலை ஒவ்வொன்றாக நக்கினான். மூடியில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை.

"அண்ணா, கடை குடுக்கிற அம்மா சாயங்காலம் வருவாங்க. பணத்தை அனுப்பிடறீங்களா?"

"சிக்னல் இல்ல பாப்பா. அப்புறம் பார்க்கலாம்."

சிக்னல் வருவதற்குள் கடை உரிமையாளர் அம்மாவே போன் செய்துவிட்டார், இன்னொருவரும் கேட்கிறாராம். தங்கை அண்ணன் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுக்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னான்:

"கார்டை எவனோ நகல் எடுத்துட்டான் போல. பெட்ரோல் போட்ட இடத்துலதான் நடந்திருக்கும். அங்க இருந்தானே ஒரு ஒல்லிப்பயல், அவன் முழியே சரியில்ல."

"எவ்வளவு போச்சு?"

"இருந்தது அத்தனையும்."

இருந்தது அவ்வளவும் அவளுடையது. அவன் பணம் முந்தின நாளே குழாய்ச் சரக்காக மாறி, பெட்டி பெட்டியாகப் பின்கட்டில் அடுக்கியாகிவிட்டது. எப்போது போனது என்று கேட்டாள். மத்தியானத்துக்கு முன்னால் என்றான். அவளுக்கு அந்த எலும்பு ஞாபகம் வந்தது. தெரிந்துகொண்டே உட்கார்ந்து உறிஞ்சியிருக்கிறான்.   அவனை எழுப்பி, வங்கிக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

வங்கியில் ஏசி இருந்தது, காற்றுதான் பழையது. நனைந்து காய்ந்த கம்பளத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. புகார் வாங்குகிற மேஜையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், முன்னால் ஆறிப்போன டீ. யாரும் எழுந்து நிற்கவில்லை.

"மூணு தடவையா எடுத்திருக்காங்க" என்றார் திரையைப் பார்த்து. "சார், யார்கிட்டயாவது கார்டு நம்பர், போன்ல வந்த ஓடிபி, ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? நாப்பது வருஷமா யாவாரம் பண்றேன் மேடம்."

"அது தெரியுது. சொன்னீங்களா?"

"இல்ல. பெட்ரோல் போட்ட இடத்துல நகல் எடுத்துட்டான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நகல்னா வேற பிரிவுக்கு அனுப்பணும். அவங்க நீங்க கார்டு தேய்ச்ச மெஷினை எல்லாம் தேடுவாங்க, மாசக்கணக்காகும். போன்ல ஏமாத்தினாங்கன்னா இப்பவே அந்தப் பக்கத்துக்குச் சொல்லி நிறுத்தப் பார்க்கலாம். மூணாவது தொகை இன்னும் முழுசா கை மாறலை. பேசப் பேச அது போயிட்டிருக்கு."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவன் மீசையை ஒதுக்கினான். "பெட்ரோல் போட்ட இடம்தான் மேடம்" என்றான்.

"சரி" என்று அதிகாரி அலுப்போடு படிவத்தை இழுத்தார். "கேட்டேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வாரமா இதே கூத்துதான். கார்டு காலாவதியாகுது, இன்னிக்கே புதுப்பிக்கணும், தொள்ளாயிரம் கட்டணும்னு ஒருத்தன் தேனா பேசறான். ஜனங்களும் கட்டறேன்னு நம்பரைத் தூக்கிக் கொடுத்துடறாங்க."

தொள்ளாயிரம். தங்கையின் காதில் காத்திருப்புப் பாட்டு மறுபடி கேட்டது. தொடையைத் தட்டிய சத்தமும் கேட்டது. மாடல் நம்பர் என்று அவள் நினைத்தது எந்த மாடலின் நம்பர் என்று இப்போது விளங்கியது. 'நீங்கதானே அண்ணா' என்று கேட்டால் அவன் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் அவளை ஏமாற்றிய வருஷங்களெல்லாம் அவள் அவனைப் படித்த வருஷங்களும்தான். அதிகாரி பக்கம் திரும்பி, பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல மேடம். தொள்ளாயிரம்னு அடிச்சுச் சொன்னா யாரால குறைக்க முடியும்? எங்க அண்ணனா இருந்தாலும் வாயை மூடிட்டுத் தொள்ளாயிரம் அழுதிருப்பார்."

அண்ணன் நிமிர்ந்தான். "யாரு? நானா?"

"பின்னே? பேங்க் கட்டணத்துல போய் யாராவது பேரம் பேசுவாங்களா?"

"பேசினேனே" என்றான். "நானூத்தம்பதுக்கு முடிச்சேன். அதுவும் அவன் மேனேஜர் வரைக்கும் போயிட்டு வந்தான்."

 பக்கத்து மேஜைக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அண்ணன் வாய் திறந்தபடியே நின்றது. போன வார்த்தை அதே வழியில் திரும்பி வரும் என்று காத்திருக்கிற மாதிரி.

அதிகாரி கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். எந்த நம்பரிலிருந்து போன், எப்போது, எத்தனை தடவை ஓடிபி சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றாகக் கக்கினான். மூன்று தடவை சொல்லியிருக்கிறான். முதல் தடவை கணினி ஏற்கவில்லை என்றானாம் போனில் பேசியவன், இரண்டாவது தடவையும் அப்படியேயாம். அதிகாரி தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"ஏமாத்துறவன் எதுக்கு விலையைக் குறைக்கப் போறான், சொல்லு" என்றான் அண்ணன் தணிந்த குரலில். "கேட்டதும் சட்டுனு இறக்கியிருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். கஷ்டப்பட்டு இறக்கினான் பாப்பா. மூச்சு விட்டான். இதுல எனக்கே கமிஷன் போகுது சார்னான். அசல் யாவாரி மாதிரியே பேசினான்." அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "உண்மையிலேயே கெட்டிக்காரப் பயல்."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். திருடன் மேல்கூட அவளுக்கு இவ்வளவு குமட்டல் வரவில்லை. அவன் முகம் தெரியாதவன். அவனுக்குத் தொழில் அது. இவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கடையை விழுங்கியவனின் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினான்.

அதிகாரி திரும்பி வந்தார். "மூணாவது தொகையை நிறுத்தியாச்சு, ஒரு லட்சத்து அறுபதாயிரம். மாசக்கடைசிக்குள்ள கணக்குக்கு வந்துடும். மத்த ரெண்டுக்கும் ஆன்லைன்லயே பொருள் வாங்கிட்டாங்க. புகார் போட்டிருக்கேன், ஆனா நம்பி உட்காராதீங்க. அரைமணி முன்னாடி சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு ஒரு தனிக் கணக்கு வேணும் மேடம். வர்ற பணம் அதுல விழணும்" என்றாள் தங்கை.

அங்கேயே திறந்தார்கள். போன் நம்பர் அவளுடையது. ஆன்லைனில் வாங்குகிற வசதியை வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம் என்று அதிகாரி காட்டிக்கொடுத்தார். "பேங்க்ல இருந்து பேசறேன்னு நானே கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க. வச்சிட்டு, கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு நீங்களே பேசுங்க" என்றார். அவள் ரகசிய எண் போடும்போது அண்ணன் பழக்கதோஷத்தில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அவள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அவன் முகம் சுருங்கியது.

"என்ன பாப்பா, நான் அன்னியமா?"

"தள்ளி நில்லுங்கண்ணா."

தெருவில் இறங்கியதும் அவன் கனைத்தான். "அண்ணிகிட்ட சொல்லாதே. கடைத்தெருவுலயும் நகல் எடுத்துட்டான்னே இருக்கட்டும், பாதிவிலைன்னு ஒரு பேர் இருக்குல்ல. அப்புறம், போனது நாலு லட்சத்து இருபது. ஆளுக்குப் பாதின்னு வச்சுக்குவோம். குடும்பம்னா நல்லது கெட்டது ரெண்டும்தானே?"

அவள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பேரத்தைத் தொடங்குகிற முகம் அது. திருடனிடம் காட்டிய அதே முகம்.

"முழுசும் நீங்க" என்றாள்.

"மூணு லட்சம்."

"முழுசும்."

"சரி, மூணே கால். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா—"

அவள் நடந்தாள். கடைக்குள் போய், பின்கட்டில் இருந்த குழாய்ப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். அண்ணன் குறுக்கே வந்தான். நகல் எடுத்த கதையைத் தெருவில் நின்று பேசலாமா என்று கேட்டாள். வழி விட்டான். அவள் வண்டியை நேரே எதிர்க்கடைக்குள் தள்ளினாள்.

எதிர்க்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் வாங்குகிற விலைக்கு அந்தக் குழாயை வாங்க அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, திருகிப் பார்த்து, பேரம் நடக்கும் என்ற நினைப்பில் தாராளமாகக் குறைத்துச் சொன்னார்: "மொத்தமா ஒரு லட்சத்து நாப்பது தர்றேன்மா."

"சரி" என்றாள்.

அவர் காத்திருந்தார்.  "சரின்னா... சரியா?" என்றார், பயந்துபோய். பெட்டிக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"சரிதான். பணத்தை என் கணக்குல போடுங்க."

வாசலில் நின்ற அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஐந்து லட்சத்து எண்பதாயிரம் போனபோது வராத கண்ணீர் அவனுக்கு இப்போது வந்தது. "முதல் விலைக்கா பாப்பா? முதல் விலைக்கா? இன்னும் நாப்பதாயிரம் ஏத்தியிருக்கலாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கடை உரிமையாளர் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இன்றைக்கு, மீதி மாசக்கடைசியில். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அலமாரியிலிருந்து ஜிப்பையும் பட்டனையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே, ஒரு பட்டன் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி அண்ணன் கல்லாவின்மேல் வைத்தாள்:

போனது 5,80,000.
வங்கி நிறுத்தியது 1,60,000.
குழாய் விற்றது 1,40,000.
அண்ணன் தரவேண்டிய பாக்கி 2,80,000.

அண்ணன் அட்டையை எடுத்து இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது. "ரெண்டரைன்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டுத் தலையைத் தூக்கினான். மூலையில் தங்கை இல்லை, அலமாரி காலியாக இருந்தது. பாக்கி 2,80,000.