பிழை பூச்சியம்

போன் செத்து இரண்டு நாளாயிற்று. லயத்து வீடுகளை விட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த பதினெட்டுக் குடும்பமும் சுலக்ஷனா டீச்சரின் வானொலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மழை இரைச்சலில் பேச்சு எடுபடாது என்றுதான் உள்ளங்கையளவுக் கணினி ஒன்றை அவள் அதற்குள் பொருத்தியிருந்தாள். தட்டுகிற எழுத்தை அது ஒலியாக்கி அனுப்பும். வருகிற ஒலியை எழுத்தாக்கித் திரையில் காட்டும்.

“லயத்துக்கு மேல மலை பொளந்திருச்சு. எல்லாரையும் எறக்க லொறி வேணும். தொரகிட்ட சொல்லுங்க” என்று காலையில் அனுப்பியிருந்தாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான் மழை வலுக்கும் முன்பே மஸ்கெலியா டவுனுக்கு இறங்கிவிட்டாரே! அங்கே கடையும் இதேபோல் ஒரு வானொலிப் பெட்டியும் வைத்திருக்கும் சப்ராஸ் செய்தியை அவரிடம் கொண்டுபோனார்.

மத்தியானம் பதில் வந்தது.

“தொர கேக்குறாரு: நாளைக்கு எத்தன பேர் கொழுந்து பறிக்க வருவாங்க?”

சுலக்ஷனா அதை இரண்டு முறை படித்தாள். சே, மழையில் ஏதோ எழுத்து மாறியிருக்கும் என்று மறுபடி அனுப்பச் சொன்னாள். அதே வரிதான் வந்தது. கணினி வழக்கம்போல எழுத்து மாறாமல் வந்ததா என்று சரிபார்த்து அதனடியில் குறித்தது: ‘பிழை: 0’.

“லொறி வருதுங்களா டீச்சர்?” என்றாள் கொழுந்து பறிக்கும் ஜீவராணி, மூட்டையை இடுப்பில் ஏற்றியபடி.

“நீங்களே படிங்கக்கா. அத என் வாயால சொல்ல மாட்டேன்.”

ஜீவராணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள். வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இதையும் அந்தப் பெட்டியில அனுப்ப முடியுங்களா, டீச்சர்?”