அவகிட்ட சொல்லு

ரேடியேட்டர் மூடியைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகிவிட்டு, ராஜலக்ஷ்மி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை மைல் ஓடிய எஞ்சின். ஆவி சீறி அடிக்க வேண்டும்.

அடிக்கவில்லை. தண்ணீர் பாதிகூட இல்லை.

கசாரா மலைச்சாலை. ஜனவரி விடியற்காலை, எதிரே பத்தடிக்கு மேல் தெரியாத பனி. பின்சீட்டில் அவள் அப்பா அனந்தகிருஷ்ணன், தன் அக்கா அம்மிணியின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். சிகிச்சைக்குப் போயிருந்த தேவ்லாலியில் டாக்டர் கையை விரித்தாயிற்று. பம்பாய் மாதுங்கா வீட்டில் கண்ணை மூட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதுவரை அவரை உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டும் என்பது ராஜியின் பிடிவாதம். நடுவில் இந்தக் குளிர். பஞ்சு மாமா பட்டாள ஏலத்தில் எடுத்த அமெரிக்க வண்டியில் ஹீட்டர் என்று ஒன்று இருந்தது. போட்டால் ஐஸ் கிடங்கைத் திறந்ததுபோல் ஊதிற்று.

மாமாவின் டிரைவருக்குக் காய்ச்சல். அண்ணன் ஜம்புவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ராஜிக்குத் தெரியும். யுத்தத்தின்போது பெண்கள் துணைப்படையில் சேர்ந்து ராணுவ வண்டி ஓட்டியவள். அவள் காக்கி உடுத்திய நாளிலிருந்து அப்பா அவளோடு நேருக்கு நேர் பேசியதில்லை. ஒரு தம்ளர் மோர் வேண்டுமென்றாலும், பக்கத்திலேயே அவள் நிற்க, "அவகிட்ட சொல்லு" என்று அத்தை வழியாகத்தான். சற்றுமுன்னும் அப்படித்தான்: "அவகிட்ட சொல்லுக்கா... கால் விறைக்கறது." அந்த ஈனக்குரலை ராஜியே கேட்டாள். உடனே பிரேக்கை மிதித்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" அத்தை கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினாள்.

"தண்ணி போறலை அத்தை. ஹீட்டருக்குப் போற ரப்பர் குழாய் ரெண்டும் ஜில்லுனு இருக்கு. கூஜாவைக் கொடுங்கோ."

கண்ணாடி மெல்ல இன்னும் கீழே இறங்கிற்று. பிறகு கூஜா வெளியே வந்தது.

"அப்பாவுக்குக் குடிக்க வேண்டாமா?"

"வேண்டாமாம். ஊத்தச் சொல்றான்."

ராஜி பின்கதவின் பிடியில் கை வைத்தாள்.

"திறக்காதேடி! காத்து உள்ள வரும். நீ உன் வேலையைப் பாரு."

பார்த்தாள். தண்ணீர் ஊற்றினாள். எஞ்சின் தலையில் ஹீட்டருக்கு வெந்நீர் விடும் ஒரு சின்னக் குழாய்த்திருகு, மூடியே கிடந்து துருவேறியிருந்தது. பம்பாயில் யாருக்கு வேண்டும் சூடான காற்று? ஸ்பானரால் நெம்பித் திறந்தாள். ஒரு ரப்பர் குழாயில் சூடு ஏறிற்று. மற்றது அப்படியே ஜில். உள்ளே காற்று அடைத்திருக்கிறது. குழாயின் கவ்வியைத் தளர்த்தினாள். குமிழ் குமிழாகக் கக்கிவிட்டு, சுடுநீர் அவள் விரல்மேல் பாய்ந்தது.

"ஸ்ஸ்!"

கண்ணாடி இடுக்கிலிருந்து அத்தையின் குரல்: "கையைச் சுட்டுக்கப் போறா, பார்த்துப் பண்ணச் சொல்லுங்கறான்."

ராஜியின் கை நின்றுவிட்டது. அப்பாவா? தன்னைப் பற்றியா?

அவசரமாகக் கவ்வியை முடுக்கினாள். இன்னும் ஒன்று பாக்கி. எஞ்சினில் சூட்டைப் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பம்பாய் மெக்கானிக் கழற்றி எறிந்திருப்பான். வெயிலில் வண்டி கொதிக்காமலிருக்க அங்கே எல்லோரும் செய்கிற வேலை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையை உருவி, ரேடியேட்டருக்கு முன்னால் பாதி மறைத்துக் கட்டினாள். கியரை இரண்டாவதில் போட்டு, எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இறக்கத்தில் இறங்கினாள்.

இரண்டு வளைவு. மூன்றாவது வளைவில் அவள் கணுக்காலில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது.

"வரதா அத்தை? அங்க வரதா?"

"வரது." அத்தை தொண்டையைச் செருமினாள். "'நன்னா பண்ணிட்டா'ங்கறான்."

ராஜிக்குச் சாலை கலங்கியது, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாணே வரும்வரை திரும்பவே இல்லை. திரும்பினால் அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டுவிடுவாரோ என்று பயம்.

பாண்டுப் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வண்டிக்குள் அடுப்படிபோலப் புழுங்கியது.

"ஹீட்டரை நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம். ஆத்து வாசல்வரைக்கும் இருக்கட்டும்."

மாதுங்காவில் ஜம்பு ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். போர்வைக்குள் கைவிட்டு அப்பாவின் பாதத்தைத் தொட்டான். "அம்மா, கால் சூடா இருக்கும்மா!" என்றான். அடுத்து முகத்தைப் பார்த்தான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தவன், அப்படியே அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"வாசல்வரைக்கும் உசிரோட வந்துட்டேளே!" அம்மா நாகலக்ஷ்மி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதுதான் போயிருக்கிறது என்றார்கள். உடம்பு இன்னும் ஆறவில்லை என்றார்கள். கொண்டு வந்து சேர்த்துவிட்டாளே பெண் என்றார் பஞ்சு மாமா. கூடத்தில் கிடத்தி விளக்கேற்றினார்கள். ராஜி அம்மாவின் அருகில் போய்க் குந்தினாள்.

"அம்மா, அப்பா என்னைப் பத்திச் சொன்னார். 'நன்னா பண்ணிட்டா'ன்னு."

"உன்கிட்டயா?"

"அத்தைகிட்ட. ஆனா என்னைப் பத்தி."

அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

காரியம் பண்ணிவைக்க வந்த சுந்தரராமன் வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "பிராணன் போனது எப்போ? ஏகாதசி காலம்பறவே முடிஞ்சுடுத்து. திதி தப்பினா வருஷா வருஷம் திவசம் தப்பிப் போகும், பார்த்துச் சொல்லுங்கோ."

"இப்பதான் வாத்தியார் மாமா," என்றான் ஜம்பு. "துவாதசின்னே வெச்சுக்கோங்கோ."

வாத்தியார் பென்சிலை எடுத்தார்.

சுவரில் சாய்ந்திருந்த அத்தை நிமிர்ந்தாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். ராஜியைப் பார்க்கவில்லை.

"ஏகாதசி," என்றாள்.

"நிச்சயமாத் தெரியுமோ?"

"தெரியும். கசாராவில வண்டி நின்னுது. இவ இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினா. அப்பவே."