நாற்பதாவது கொக்கி

முலாம் பட்டறையில் கதவுக் கைப்பிடிகளை நாற்பது கொக்கிச் சட்டத்தில் மாட்டிக் கழற்றப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் அத்தை. இன்று சோதனைக்கு நின்றவர் அவளுடைய மருமகன். தேறாவிட்டால் வேலை கிடைக்காது, குடும்ப மானமும் கப்பலேறும்.

"கொக்கி காலியா இருந்தா முலாம் அதுமேலேயே ஏறிடும், மாப்பிள்ளை. ஒண்ணுகூட விடாதீங்க" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியிலிருந்து சட்டம் எழுந்தது. முப்பத்தொன்பது கைப்பிடிகள் கண்ணாடியாய் மின்னின. நாற்பதாவது கொக்கியில் வீட்டுச் சாவி மின்னியது.

"இது என்னய்யா?" என்றார் சூப்பர்வைசர்.

"கைப்பிடி ஒண்ணு குறைஞ்சுது சார். அத்தை பேச்சைத் தட்ட முடியுமா?"

பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தை மட்டும் விறைப்பாக நின்றாள். "எங்க வீட்டு மாப்பிள்ளை சொன்னதைச் செய்வார். இவங்கள்ல யாரு செய்யறா?"

சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளையிலிருந்து வரட்டும்மா. சாவி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அதற்குமேல் அத்தையாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.