தண்டுச் சிறை

ரெங்கம் தோட்டத்துக் கருப்பாயிக்கு ரத்தப் புற்றுநோய். மலேசியாவின் ஜொகூர் பாரு மருத்துவமனையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதிக்கும் நாளன்று, டாக்டர் யுகேந்திரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கட்டிலருகே வந்து நின்றார்.

“ஆண்டி, டெஸ்டுக்கு எடுக்கறப்பவே இன்னும் கொஞ்சம் கூட எடுத்துக்கறோம். கேன்சர் ஆராய்ச்சிக்கு. உங்களுக்காகவே தமிழ்ல ஃபாரம் போட்டிருக்கேன். ஒரு சைன் போதும்.”

“படிச்சுட்டுப் போடறேன்.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கருப்பாயி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவள்தான். ஆனால் வடை சுற்றி வந்த தாளைக்கூடப் படிக்காமல் கசக்கமாட்டாள்.

‘உங்கள் எலும்பிலுள்ள தண்டுச் சிறைகள் அறுவடை செய்யப்படும். அவை காலவரையின்றி அடைத்து வைக்கப்படும்.’

“என்னைய எந்த ஜெயிலுக்கு அனுப்புறீங்க டாக்டர்?”

அவர் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். மலாய்ப் பள்ளியில் தொடங்கி மூன்று நாடுகளில் படித்தவர். தமிழெழுத்து அவருக்கு வாசலில் போட்ட கோலம் மாதிரி; அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

“அலமாக்! கம்ப்யூட்டர்ல போட்டுத் தமிழாக்கினேன் ஆண்டி. ‘செல்’லை ஜெயில் செல்லுன்னு நெனச்சிருச்சு. ஸ்டெம் செல்லுன்னா, ரத்தத்துக்கு மூல உயிரணு. அதுலேர்ந்துதான் ரத்தம் ஊறுது.”

“அத எழுத வேண்டியதுதானே? இதனால எனக்கு நோய் கொறையுமா?”

“உங்களுக்கு இல்ல. பின்னால வர்றவங்களுக்கு.”

“முடியாதுன்னா வைத்தியம் நிக்குமா?”

“சத்தியமா நிக்காது.”

“அதயும் காணோமே இதுல.”

பேனாவை வாங்கினாள். அரைமணி நேரம் வரிவரியாக அடித்துத் திருத்தினாள். பிறகே கையெழுத்துப் போட்டாள்.

மரத்துப்போக மருந்து போட்டிருந்தும், மஜ்ஜையை உறிஞ்சியபோது உயிரே இடுப்புவழி போவது போலிருந்தது. டாக்டரோ நாலு நம்பர் லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவர்போல் குழாயைத் தூக்கிப் பிடித்தார்.

“பெரிய தியாகம் ஆண்டி!”

“தியாகம் இருக்கட்டும். வலிக்குதான்னு கேளுங்க மொதல்ல.”

கேட்டார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாயோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டார்.

மறுமாதம் சிகிச்சைக்குப் போனபோது, பக்கத்து நாற்காலியில் ஸ்கூடாயிலிருந்து வந்த பிரவீனா அதே படிவத்தை வைத்திருந்தாள்.

“நல்லாப் புரியுதுக்கா. யாரோ தமிழ் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க.”

கருப்பாயி வாங்கிப் பார்த்தாள். சிறை போயிருந்தது. ஒரு சொல் மாறாமல் அவளுடைய வரிகள். அடியில், ‘தமிழாக்கம்: டாக்டர் யுகேந்திரன்’.

பேனா கேட்டு வாங்கி, அந்தப் பெயரை அடித்தாள்.

“ஆண்டி, ஃபாரத்துல கிறுக்கக்கூடாது லா!” என்று தாதி ஓடிவந்தாள்.

“கிறுக்கல தாயி. இன்னும் ஒரு பிழை இருந்துச்சு” என்றபடி தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.