வியாழக்கிழமைக் குரல்

சாகுல் ஹமீதின் மளிகைக் கடை டெலிபோனில் ரஞ்சிதம் கத்திக்கொண்டிருந்தாள். ஒத்திகை நடக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, யாரையும் கூப்பிட முடியாது என்று வானொலி நிலையத்தில் டெலிபோனை எடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அணைக்கத் தெரியாவிட்டால் தானே வந்து அந்த விளக்கை அணைப்பதாக ரஞ்சிதம் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் அவர் சற்று இறங்கி வந்தார்.

"லீலாவோட அண்ணி பேசுறேன். அம்மாவுக்கு முடியல, உடனே டாக்சி புடிச்சு வரச் சொல்லுங்க. அது போதும்."

கடையை ஒட்டிய மாடிப்படி வழியே மேலே ஓடினாள். கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் மாமியார் பூவம்மா படுத்திருந்தாள். இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் போனதும் பூவம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கு வியாழக்கிழமையா என்று. செவ்வாய் என்று ரஞ்சிதம் சொன்னதும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலைப் பார்த்துத்தான் ரஞ்சிதம் டெலிபோனுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் ரேடியோவில் தொடர் நாடகம். அதில் திலகம் என்ற பெண்ணாக நடிப்பவள் லீலா, பூவம்மாவின் ஒரே மகள். தாய்மாமன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன், வானொலிக்கு நடிக்கப் போகிறேன் என்று மூன்று வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனவள். அன்றைக்குப் பூவம்மா சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த மகன் வேலாயுதத்தின் தலையில் கையை வைத்தாள். "இந்தப் பய தலைமேல சத்தியம். செத்தாலும் இனி அவ மொகத்தப் பாக்க மாட்டேன்." வேலாயுதத்துக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. பூவம்மா பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். அதைத் தெரிந்துகொள்ள ரஞ்சிதத்துக்குக் கல்யாணமான முதல் வாரமே போதுமானதாக இருந்தது.

ஆனால் வியாழக்கிழமை வந்தால் பூவம்மா முறத்தோடு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். புடைத்துச் சலித்த பருப்பிலேயே மறுபடி கல் பொறுக்குவாள். நாடகத்தில் திலகம் வேலை முடிந்து, "அம்மா, நான் வந்துட்டேன்" என்று தூரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வருவாள். அப்போது பூவம்மாவின் கை முறத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் அந்தக் குரல் கம்மியிருந்தது. "அந்த நாடகத்துப் பொண்ணுக்குத் தொண்ட கட்டியிருக்கு. சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்ல அவளுக்கு ஆளு இல்ல போல" என்று பூவம்மா பருப்பிடம் சொன்னாள். மறுநாள் ரஞ்சிதம் டெலிபோனில் லீலாவிடம் அதைச் சொன்னாள். சுக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று லீலா கேட்டாள்.

ரஞ்சிதம் ஒரு தடவை வீட்டுக்குத் தெரியாமல் நிலையத்துக்குப் போய் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கிறாள். பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். சுவரில்லாமல் ஒரு கதவு மட்டும் சட்டத்தோடு தனியே நின்றது. மழைக்குத் தகரத்தில் அரிசியை உருட்டினார்கள். லீலா மைக்குக்கு முதுகைக் காட்டி மூலையில் நின்று கூப்பிட்டாள். பிறகு திரும்பி மெல்ல நடந்து வந்தாள். அவ்வளவுதான், திலகம் தெருக்கோடியிலிருந்து அடுப்படிக்கு வந்துவிட்டாள். அழுகிற இடத்தில் அழக் கூடாது, அழுதால் மூக்கு உறிஞ்சுவதுதான் கேட்கும் என்று லீலா சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். ரேடியோவில் பேசாமல் நிற்கிறவர் கேட்பவருக்குக் காணாமல் போய்விடுவார், அதனால் கூட இருப்பவர்கள் அவர் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இந்த வீட்டில் மூன்று வருஷமாக யாரும் லீலாவின் பேரைச் சொல்லவில்லை என்பது அன்றைக்கு ரஞ்சிதத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இப்போது ரஞ்சிதம் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டிலுக்குக் குறுக்கே கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். கீழே டாக்சி வந்து நின்றது. இறங்கிப் போனபோது படியடியில் லீலா நின்றாள். படியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் பாதி ஷிப்டோடு சொல்லிவிட்டு வந்திருக்கிறான், கையில் இன்னும் எண்ணெய். தங்கையை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை, வழியையும் விடவில்லை.

"மேல போகக் கூடாது. அம்மா சத்தியம் பண்ணியிருக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குப் பயம், அது முகத்திலேயே தெரிந்தது.

லீலாவுக்கும் அதே பயம்தான். "அண்ணி, அண்ணன் தலைமேல சத்தியம். ஏதாச்சும் ஆயிட்டா?"

"அவரு தலைக்கு ஒண்ணு ஆனா முதல்ல போறது என் தாலி. எனக்குப் பயமில்லன்னா நெனைக்கிற? மொகத்தப் பாக்க மாட்டேன்னுதான் அத்தை சொன்னாங்க. குரலக் கேக்க மாட்டேன்னு சொல்லல, வாராவாரம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. வியாழக்கெழம வரைக்கும் அவங்களால இருக்க முடியாது. திரை கட்டியிருக்கேன், அதுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு."

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இன்றைக்கு இவன் வழி விடாவிட்டால் தாண்டிக்கொண்டே போவது என்று முடிவு செய்திருந்தாள். வேலாயுதம் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலை மடக்கிச் சுவரோரமாக ஒதுங்கினான்.

ரஞ்சிதம் மேலே வந்து பூவம்மாவின் தலையை நிமிர்த்தி வைத்தாள். கண் திறந்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. படியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், பாதிப் படியில் லீலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதா மூக்கு உறிஞ்சுறதுதான் கேக்கும்னு நீதானே சொன்ன? மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பேசு" என்றாள் ரஞ்சிதம்.

லீலா கண்ணைத் துடைத்தாள். படிகளில் இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"அம்மா, நான் வந்துட்டேன்."

தெருக்கோடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. கட்டில் விரிப்பில் துழாவிக்கொண்டிருந்த பூவம்மாவின் விரல்கள் நின்றன. படிப்பலகை ஒவ்வொன்றாக முனகியது. "அம்மா" என்று வாசலில் ஒரு தடவை கேட்டது, திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தடவை. பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

பூவம்மா திரையைப் பார்த்தாள். ரஞ்சிதத்தைப் பார்த்தாள். திரையோரமாக உள்ளே வந்து நின்ற மகனையும் பார்த்தாள். அவனைத்தான் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"எதுக்கு இந்தத் துணி? புழுங்குது, எடு."

ரஞ்சிதம் கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அத்தனை நேரம் இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை. கழுத்துத் தாலி கனத்தது.

பூவம்மா கண்களை மூடினாள். சும்மா மூடவில்லை, கண்ணில் சோப்பு பட்ட பிள்ளைபோல் புருவம் சுருங்க இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இப்ப எடு" என்றாள்.

போர்வை விழுந்தது. லீலா வந்து கட்டிலோரம் மண்டியிட்டாள். பூவம்மா கையை நீட்டித் தேடினாள். நெற்றி கிடைத்தது. அங்கிருந்து புருவம், மூக்கு, கன்னம் என்று பருப்பில் கல் தேடும் விரல்கள் ஒன்றையும் விடாமல் தடவிப் பார்த்தன. கன்னத்து ஈரத்தில் வந்ததும் கட்டைவிரல் அதைத் துடைத்தது.

"எளச்சுட்டா. லீலா எளச்சுட்டா" என்றாள் ரஞ்சிதத்திடம்.

அதற்கு அப்புறம் லீலாதான் பேசிக்கொண்டே இருந்தாள். நிலையத்துச் சாப்பாடு, கூட இருக்கும் பெண்கள், அரிசியில் பெய்யும் மழை. எதையும் நடித்துச் சொல்லவில்லை. வேலாயுதம் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். ஒருமுறை பூவம்மாவின் இமை துடித்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். இமை இன்னும் இறுகியதே தவிர திறக்கவில்லை. வெயில் சன்னல் கம்பியை விட்டு இறங்கும்போது லீலாவின் கன்னத்திலிருந்த கை வழுக்கி விழுந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி வந்தாள். அந்த வட்டாரத்தில் சாவு விழுந்தால் முன்னால் நிற்கிறவள் அவள்தான். தலைமாட்டில் விளக்கு ஏற்றச் சொன்னாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். ஆள் வருவதைப் பார்த்துத் தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கிய லீலாவை வேலாயுதம் கையைப் பிடித்து அழைத்து வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார வைத்தான். பிறகு குறுக்கே நின்ற கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான்.

பாக்கியலட்சுமி கடைசியாகக் கண்ணை மூடிவிடக் குனிந்தாள். குனிந்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"யாரு மூடிவிட்டது? இப்புடியா இறுக்கி மூடுவாங்க?"

"அத்தையே மூடிக்கிட்டாங்க" என்றாள் ரஞ்சிதம்.

பாக்கியலட்சுமி இரண்டு புருவங்களுக்கும் நடுவே விழுந்திருந்த சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். அது போகவில்லை. அதன் மேலேயே திருநீற்றைப் பூசினாள்.