குழாயடியில் அம்மா

நாளைக்குத் தம்பி பிரவின்குமாருக்குக் கல்யாணம். இன்றைக்கு எங்கள் அம்மாவைச் சாமியாக்குகிறார்கள்.

பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் கிணற்றடிக்கோ குளத்தடிக்கோ போய், அவளைச் செம்பில் அழைத்து வந்து படைக்க வேண்டும். அழைக்கும்போது யாருக்காவது அருள் வந்தால்தான் அவள் வந்ததாக அர்த்தம். வராவிட்டால் கல்யாணத்தில் அவளுக்குச் சம்மதம் இல்லையாம். அப்பாவின் மைன்ஸ் குவார்ட்டர்ஸில் கிணறு ஏது? பின்பக்கக் குழாயடியே போதும் என்று அமிர்தம் அத்தை முடிவு செய்துவிட்டாள். சீரியல் ஓடும்போது யார் பேசினாலும் எரிந்து விழுகிற திலகவதியை, இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போன என் அம்மாவை, குழாயில் பிடித்து வரப் போகிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும்போதே சாமியாவது பூதமாவது என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். இப்போது சென்னையில் படம் வரைந்து பிழைக்கிறேன்.

"தேவயானி, இன்னாத்துக்கு இப்பிடி நடந்துகினு இருக்க? நீதான் படம் போடறவளாச்சே. செம்புல சந்தனத்தால மூஞ்சி வையி," என்றாள் அத்தை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை கையில் விட்டால் அகலக் கண்ணோடு ஏதோ ஓர் அம்மன்தான் வருவாள். செம்பைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு இடது கண் சற்றுச் சின்னது. மேலுதடு கொஞ்சம் தூக்கியிருக்கும். அப்படியே வைத்தேன். இவர்கள் போடுகிற சாமி வேஷம் கலையட்டும் என்று வேண்டுமென்றேதான் வைத்தேன்.

"இன்னாடி இது? சாமிக்கு எங்கியாச்சும் ஒரு கண்ணு சின்னதா இருக்குமா?"

"இது சாமி இல்ல அத்த. எங்கம்மா."

குழாயடியில் கற்பூரம் ஏற்றி அத்தை கூப்பிட்டாள். சித்தி கூப்பிட்டாள். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. கற்பூரம் அணைந்து, இன்னொன்று ஏற்றினார்கள். பிரவினுக்கு முகம் வெளுத்துவிட்டது. மைன்ஸில் லீவு சொல்லிவிட்டு நின்றிருந்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கூப்ட்டுகினேதான் இருக்கறோம். நீ கூப்புடும்மா. நீ கூப்ட்டா எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வருவா."

தம்பிக்காக ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "அம்மா," என்றேன். அவள் போன பிறகு அந்தச் சொல்லை உரக்கச் சொன்னதே இல்லை. "வாம்மா. வூட்டுக்கு வா."

அப்பா செம்பைக் குனிந்து பார்த்தார்.

"வந்துட்டாடா! அவளேதான். அதே கண்ணுடா, பாரு," என்று பிரவினைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த நொடியே அத்தை அருள் வந்து ஆட ஆரம்பித்தாள். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது நான் குழைத்து வைத்த சந்தனம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். கோபம்கூட இல்லை, பொறாமை. அத்தனை பேருக்கும் வந்துவிட்டாள்.

பிரவின் செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். எல்லாரும் அவன் பின்னாலேயே உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் குழாயடியிலேயே நின்றேன். பக்கத்து வீட்டுக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டேன்.