முன்சுவரில் உட்கார்ந்திருந்த உக்கிரபாண்டி

முத்துச்செல்வியின் இதயத்தைப் படம் எடுத்தபோது, அதன் முன்சுவரில் அவளுடைய முதல் கணவன் உக்கிரபாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடியபடியே சர்க்கரை தின்றுகொண்டிருந்தான். மணியாச்சி அருகே லாரி கவிழ்ந்து அவன் இறந்து இருபத்திரண்டு வருடமாகியிருந்தது. வயது மட்டும் இருபத்தேழிலேயே நின்றிருந்தது. அவனுக்குப் பிறகு அவள், மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷினை வாடகைக்கு விடும் எப்போதும்வென்றான் ஊர்க்காரர் லிங்கராஜைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டியில் பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டாள். போன மாசியில் மாரடைப்பு வந்து அந்தச் சுவர் அசையாமல் போனது. மதுரையில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். செத்த சதை அதைத் தொடாது, உயிருள்ளது எடுத்துக்கொள்ளும் என்றார்கள். லிங்கராஜுக்கோ சர்க்கரை வியாதி. ஆறு வருடமாக இனிப்பை நாக்கில் வைத்தவரில்லை. அவன் தின்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த எடம் சாகல, ரத்தம் பத்தாம உறங்குது. பைபாஸ் பண்ணா முழிச்சிரும்” என்றார் டாக்டர் ஜீனா.

“அவனுமா?”

டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். “அவரும்தான்.”

லிங்கராஜ் நேரே வார்டுக்குப் போனார். “எத்தன வருசமாட்டி அவன அங்கன வச்சிருக்க?”

“நான் வைக்கல. அவிய போகல” என்றாள் முத்துச்செல்வி.

புருஷன் என்ற மரியாதையில் அவிய என்று அவள் தன்னை மட்டுந்தான் சொல்வாள் என்று பத்தொன்பது வருடமாக நம்பியிருந்தவர் அவர். ஒப்புதல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் அவன் எழுந்திருக்கமாட்டான். அவளும் அதிக நாள் இருக்கமாட்டாள். மூன்றாம் நாள் காலை முத்துச்செல்வி அவருக்குச் சர்க்கரை போடாத டீ வாங்கிக்கொண்டு, வராந்தாச் சுவரை நாலு இடத்தில் பிடித்து நின்று மூச்சு வாங்கி வந்து சேர்ந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. லிங்கராஜ் அதைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதத்தில் முன்சுவர் அசைந்தது, உக்கிரபாண்டியும் விழித்துக்கொண்டான். அவள் சமைக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து இருமினான். உளுந்து பிடுங்கும் நாட்களில் சினிமாப் பாட்டுக்குச் சீட்டியடித்தான். லிங்கராஜ் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார், இரண்டு முறை கோபித்துக்கொண்டு எப்போதும்வென்றானுக்குப் போனார், இரண்டு முறையும் மறுநாளே திரும்பினார்.

அடுத்த வருட ஐப்பசியில் பெருமழை பெய்து மின்சாரம் போன ஒரு மாலை, அவர் வந்து முத்துச்செல்வியின் நெஞ்சில் தலை சாய்த்தார். உள்ளே சீட்டி நின்றது.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார்.

உள்ளே ஒருவர் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.